ஹெரிடேஜ் ஏலத் தளம்: பழைய திகில் காமிக்ஸ் பக்கங்களைப் பார்க்க, விலை அறிய, முடிந்தால் வாங்க

1950களின் அமெரிக்கத் திகில் காமிக்ஸையோ, அவற்றுக்காகக் கையால் வரைந்த ஒரிஜினல் பக்கங்களையோ சேர்க்க ஆசைப்படுகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தின் தளத்தில் ஒரு கணக்கைத் திறந்துவிடுங்கள். காசு கிடையாது. மின்னஞ்சல், பெயர், கடவுச்சொல், அவ்வளவுதான். டல்லாஸில் இருக்கும் இந்த நிறுவனம் பழைய நாணயங்களில் ஆரம்பித்து 2001 வாக்கில் காமிக்ஸுக்கு வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் ஏலத்தில் விற்ற காமிக்ஸ், ஒரிஜினல் ஓவியம் எல்லாவற்றின் படமும் விலையும் அந்தத் தளத்தில் அப்படியே கிடக்கின்றன. உள்ளே நுழைந்துவிட்டால் விற்ற விலை தெரியும், பெரிய அளவுப் படமும் திறக்கும்.

நிறைய பேர் இதை விலை பார்க்கிற இடமாக மட்டும் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். பழைய திகில் காமிக்ஸ் எப்படி உருவாயின என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அச்சில் வந்த புத்தகம் காட்டாத விஷயங்களை அந்த ஸ்கேன்கள் காட்டுகின்றன.

இ.சி. என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் காமிக்ஸை எடுத்துக்கொள்வோம். டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட், வால்ட் ஆஃப் ஹாரர், ஹான்ட் ஆஃப் ஃபியர் என்ற மூன்று இதழ்கள், 1950இல் ஆரம்பித்து 1954இல் நெருக்கடி வரும்வரை சக்கைப்போடு போட்டவை. கிரஹாம் இங்கல்ஸ் வரைந்த பக்கம் ஒன்றைத் தளத்தில் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கீழே குறிப்பில் ஓவியப் பரப்பு 13க்கு 18 அங்குலம் என்று போட்டிருக்கும். கடையில் விற்ற இதழின் பக்கம் சுமார் 7க்கு 10 அங்குலம்தான். அதாவது அச்சில் வந்ததைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான அளவில் அவர் வரைந்திருக்கிறார், அதைப் பிறகு சுருக்கி அச்சடித்திருக்கிறார்கள். சுருக்கும்போது நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் அந்தக் கால மலிவுத் தாளில் நாலு வண்ணப் புள்ளிகளும் விழுந்தால் பாதி வேலைப்பாடு காணாமலே போய்விடும். ஸ்கேனில் அது திரும்பக் கிடைக்கிறது. அழுகிய பிணத்தின் வாயில் தொங்கும் எச்சில் இழை, கிழிந்த சட்டையின் நூல், சதுப்பு நிலத்து மரத்தின் பட்டை எல்லாமே தூரிகை ஓட்டம். ஒவ்வொரு கோடும் ஆரம்பத்தில் மெலிந்து நடுவில் தடித்து மறுபடி மெலிவதைப் பார்க்கலாம். கதையின் முதல் பக்கமாக இருந்தால் 'காஸ்ட்லி' (Ghastly, கோரமான) என்ற அவருடைய கையெழுத்தும் இருக்கும்.

அப்புறம் எழுத்துகளைப் பாருங்கள். இ.சி. பக்கங்களில் வசனமும் விவரிப்பும் இயந்திரம் போட்ட மாதிரி சீராக இருக்கும், மற்ற காமிக்ஸில் இருக்கும் கையெழுத்துச் சாயல் இருக்காது. பொறியாளர்கள் வரைபடங்களில் எழுதப் பயன்படுத்திய லெராய் என்ற அச்சுப்பட்டைக் கருவியால் எழுதியவை அவை, ஜிம் ரோட்டன் என்பவரின் வேலை. ஆசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன் கதையை நேராக ஓவிய அட்டையிலேயே கட்டம் பிரித்து எழுதுவார், அதன்மேல் லெராய் எழுத்து ஏறும், அதற்குப் பிறகுதான் அட்டை ஓவியர் கைக்குப் போகும். எழுத்து போக மிச்சம் இருந்த இடத்தில்தான் ஓவியர் தன் பிணத்தையும் கல்லறையையும் கொலைகாரனையும் திணித்தாக வேண்டும். ஃபெல்ட்ஸ்டீன் எழுத ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார், பல கட்டங்களில் பாதிக்கு மேல் எழுத்துதான். இது தெரிந்த பிறகு ஜாக் டேவிஸ் ஒரு குறுகிய கட்டத்துக்குள் மூன்று முகங்களையும் ஒரு கோடரியையும் எப்படி உட்கார வைத்தார் என்று பார்க்கும்போது அவர்மேல் மரியாதை கூடிவிடுகிறது.

இந்த ஏற்பாட்டை எதிர்த்துச் சண்டை போட்ட ஓவியர் பெர்னி கிரிக்ஸ்டீன். 1955இல் இ.சி.யின் இம்பாக்ட் முதல் இதழில் வந்த மாஸ்டர் ரேஸ் கதைக்கு அவருக்குக் கொடுத்தது ஆறு பக்கம். அவர் பன்னிரண்டு கேட்டார், கடைசியில் எட்டு கிடைத்தது, எழுத்து போட்டுத் தந்த அட்டைகளை வெட்டி மறுபடி ஒட்டித் தனக்கு வேண்டிய மாதிரி கட்டங்களை அமைத்துக்கொண்டார். அது திகில் இதழ் இல்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பக்கங்களும் பிற்பாடு ஹெரிடேஜ் ஏலத்துக்கே வந்தன. வெட்டி ஒட்டிய கதையைக் கட்டுரையில் படிப்பதும், அந்தப் பக்கங்களையே பெரிதாக்கி ஒவ்வொரு கட்டமாக மேய்வதும் ஒன்றில்லை.

இன்னொரு விஷயம் வண்ணம். இ.சி.க்கு வண்ணம் தீட்டியவர் மேரி செவரின். கொடூரம் தாங்க முடியாத கட்டங்களை அவர் ஒரே அடர்நீலமாகவோ சிவப்பாகவோ நிரப்பி அடக்கிவிடுவார் என்று சொல்வார்கள். ஒரிஜினல் பக்கம் கறுப்பு வெள்ளை. வண்ணம் மறைத்தது எல்லாம் அங்கே வெளிச்சத்தில் இருக்கிறது. கையில் டார்க் ஹார்ஸ் வெளியிடும் இ.சி. ஆர்க்கைவ்ஸ் தொகுப்பு இருந்தால் அதே பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு மாலைப்பொழுது போவதே தெரியாது.

இவ்வளவு இ.சி. பக்கங்கள் இன்று ஏலத்துக்கு வருவதற்குக் காரணம் ஒரே ஆள், பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ். அந்தக் காலத்தில் அச்சு முடிந்ததும் ஓவியத்துக்கு மதிப்பே கிடையாது. பல நிறுவனங்களில் வீசினார்கள், கிழித்தார்கள், போகிற வருகிறவர்கள் எடுத்துப் போனார்கள். கெய்ன்ஸ் மட்டும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பத்திரமாகக் கட்டி வைத்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு ரஸ் காக்ரன் மூலமாக அவை ஏலத்தில் சேகரிப்பாளர்கள் கைக்கு வந்தன, அவர்களிடமிருந்து இப்போது ஹெரிடேஜ் மாதிரி இடங்களுக்கு மறுபடி வருகின்றன. தளத்தில் தேடும்போது இந்த வரலாறு அப்பட்டமாகத் தெரியும்: இ.சி. பக்கங்கள் வரிசையாக வரும், அதே ஆண்டுகளில் எண்ணிக்கையில் அதைவிட அதிகமாகத் திகில் கதைகள் போட்ட அட்லஸ் என்ற பதிப்பகத்தின் (பிற்கால மார்வெல்) உள்பக்கங்கள் எப்போதாவதுதான் தட்டுப்படும். ஓவியர்கள் மோசம் என்று அர்த்தமில்லை, பக்கங்கள் மிஞ்சவில்லை.

இதழ்களையும் கெய்ன்ஸ் விடவில்லை. ஒவ்வொரு இதழிலும் ஒரு டஜன் அளவுக்குப் பிரதிகளை எடுத்துக் கட்டி வைத்தார். 'கெய்ன்ஸ் ஃபைல் காப்பி' என்று அவற்றுக்கு இன்று தனிப் பெயர், தனி விலை. ஏலத்தில் ஒன்றின் ஸ்கேனைப் பார்த்தால் எழுபது வருஷத்துக்கு முந்தைய அட்டை என்று நம்ப முடியாது, கறுப்பு கறுப்பாகவும் சிவப்பு சிவப்பாகவும் இருக்கும்.

இதழ்கள் பக்கம் வந்துவிட்டதால் விலை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1954இல் காமிக்ஸ் சிறுவர்களைக் கெடுக்கின்றனவா என்று அமெரிக்க செனட் துணைக்குழு விசாரணை நடத்தி, ஏப்ரல் 21 அன்று கெய்ன்ஸைச் சாட்சிக் கூண்டில் வைத்து, ஜானி கிரெய்க் வரைந்த ஓர் அட்டையைக் காட்டிக் கேள்வி கேட்டது எல்லாருக்கும் தெரிந்த கதை: ஒரு கையில் கோடரி, இன்னொரு கையில் பெண்ணின் வெட்டுண்ட தலை. கிரைம் சஸ்பென்ஸ்டோரிஸ் 22ஆம் இதழ் அது. அந்த ஆண்டே காமிக்ஸ் கோடு என்ற தணிக்கை விதிகள் வந்தன, திகில் இதழ்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. அதற்கு முந்தையவற்றைச் சேகரிப்பாளர்கள் 'பிரீ-கோட்' என்பார்கள். இவற்றின் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அட்டைப்படம், உள்ளே இருக்கும் கதை இல்லை. ஹார்வி என்ற பதிப்பகத்தின் சேம்பர் ஆஃப் சில்ஸ் இதழ்களில் லீ எலியாஸ் வரைந்த அட்டைகளுக்கு ஒரு விலை, அதே இதழின் சாதாரண அட்டைக்கு வேறு விலை. ஹெரிடேஜ் தளத்தில் ஒரே இதழின் பழைய விற்பனைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் கிரேடு (இதழின் நிலைக்குப் பத்துக்குப் போடும் மதிப்பெண்) ஒரு படி ஏறும்போது விலை எப்படித் தாவுகிறது என்பது பளிச்சென்று புரியும். எனக்கு 3.0, 4.0 கிரேடு போதும், தாள் நொறுங்காமல் இருந்தால் சரி. அமிலத் தாள் என்பதால் நொறுங்குவதுதான் உண்மையான பயம், அட்டை மடிப்பு இல்லை.

சி.ஜி.சி. என்ற நிறுவனம் 2000இலிருந்து காமிக்ஸுக்குக் கிரேடு போட்டு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தருகிறது, ஸ்லாப் என்பார்கள். விலை உயர்ந்த பிரீ-கோட் இதழ்கள் ஏலத்துக்கு வரும்போது அநேகமாக ஸ்லாபில்தான் வருகின்றன. பழுது பார்த்ததா, தாளின் நிறம் என்ன என்று லேபிளிலேயே இருப்பதால் தூரத்திலிருந்து வாங்குகிறவருக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் படிக்க முடியாது. புத்தகத்தை வாங்கிப் படிக்காமல் வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. ஹெரிடேஜ் முன்னட்டை பின்னட்டை இரண்டையும் ஸ்கேன் போடுகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. உள்ளே பார்க்க டிஜிட்டல் காமிக் மியூசியம் என்று இன்னொரு இலவசத் தளம் இருக்கிறது. காப்புரிமை காலாவதியான ஹார்வி மாதிரிப் பழைய இதழ்கள் முழுதாகவே அங்கே உண்டு. இ.சி. அதில் வராது. இரண்டு தளத்தையும் இரண்டு சன்னலில் திறந்து வைத்துக்கொண்டால் ஏலத்துக்கு வரும் இதழை வாங்குவதற்கு முன்பே படித்துவிடலாம், கதை பிடித்தால் மட்டும் விலை கேட்கலாம்.

இனி வாங்குவதைப் பற்றி. முதலில் கட்டணம். ஏலத்தில் நீங்கள் சொல்லும் தொகைக்கு மேலே வாங்குபவர் கட்டணம் ஒன்று உண்டு. 20 சதவீதம் என்று மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள், சரியான விகிதத்தை அந்தந்த ஏலத்தின் விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள். 1000 டாலருக்கு ஏலம் எடுத்தால் 1200 டாலர், அதன்மேல் அனுப்பும் செலவு, காப்பீடு, இந்தியாவுக்கு வந்தால் சுங்கவரி. பழைய விற்பனைகளில் காட்டும் விலை இந்தக் கட்டணத்தையும் சேர்த்தது. அதைக் கவனிக்காமல் 'போன தடவை 1200க்குப் போனது, நானும் 1200 சொல்கிறேன்' என்று இறங்கினால் கடைசியில் 1440 கட்ட வேண்டியிருக்கும்.

ஏல முறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் உச்சத் தொகையை முன்கூட்டியே பதிந்து வைத்தால் அது தேவைக்கு ஏற்பப் படிப்படியாக ஏறும். பெரிய ஏலங்கள் பல நாள் நடக்கும், சின்னச் சரக்கு வார ஏலங்களில் போகும். டல்லாஸில் இரவில் முடிகிற ஏலம் நமக்கு மறுநாள் காலை என்பதால் தூக்கம் கெடாது, காலைக் காப்பியோடு பார்க்கலாம். விற்றுப் போன பொருளின் பக்கத்திலிருந்தே இப்போதைய உரிமையாளருக்கு விலை சொல்லி அனுப்பும் வசதியும் இருக்கிறது.

சாமானியர் எதை வாங்கலாம்? ஓவியர் ஃபிராங்க் ஃப்ரசெட்டாவை மறந்துவிடுங்கள். ஈரி என்ற திகில் பத்திரிகையின் 23ஆம் இதழின் அட்டைக்காக அவர் தீட்டிய எகிப்திய ராணி ஓவியம் 2019 மே மாதம் இதே ஹெரிடேஜில் 54 லட்சம் டாலருக்குப் போனது. இ.சி. திகில் பக்கங்களே ஆயிரக்கணக்கான டாலர், அதிலும் கதை சொல்லும் கிழவியோ கிரிப்ட் கீப்பரோ இருக்கும் முதல் பக்கம் என்றால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. நான் சொல்வது 70களின் சார்ல்டன். கனெக்டிகட் மாநிலம் டெர்பியில் சொந்த அச்சகமே வைத்துக்கொண்டு கோஸ்ட்லி டேல்ஸ் மாதிரி இதழ்களை வண்டி வண்டியாக அடித்த நிறுவனம். சம்பளம் குறைவு, அச்சு சுமார், ஆனால் ஓவியர்களை ஆசிரியர்கள் அதிகம் தொந்தரவு செய்யவில்லை, அதனால் ஸ்டீவ் டிட்கோவும் டாம் சட்டனும் அங்கே மனம்போல வரைந்தார்கள். டிட்கோ விலை ஏறிவிட்டது. சட்டனும் மற்றவர்களும் வரைந்த உள்பக்கங்கள் இன்னும் சில நூறு டாலருக்குள் வருவதுண்டு. என் சுவரில் இருப்பதும் ஒரு சார்ல்டன் பக்கம்தான். 60களின் பிற்பாதியில் காமிக்ஸ் ஓவிய அளவைச் சுருக்கி 10க்கு 15 அங்குலம் ஆக்கிவிட்டதால் இந்தப் பக்கங்கள் சட்டம் போடவும் வசதி. கண்ணாடி வழியே கிட்டப் போய்ப் பார்த்தால் வசனப் பலூனுக்கு அடியில் அழிக்காமல் விட்ட பென்சில் கோடு தெரியும், ஒரு பேயின் கை முதலில் வேறு பக்கம் நீண்டிருந்ததும் வெள்ளை மை தடவி மாற்றியதும் தெரியும்.

பெட்டியில் போட்டு அனுப்புவதைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். வேறொரு சின்ன விற்பனையாளரிடம் வாங்கிய பக்கம் ஒற்றை அட்டையில் மடங்கி வந்து சேர்ந்த அனுபவம் எனக்கு உண்டு, மூலையில் விழுந்த மடிப்பு இன்னும் இருக்கிறது. ஹெரிடேஜிலிருந்து வந்தது இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்து, நடுவில் அசையாதபடி ஒட்டி, அப்பழுக்கில்லாமல் வந்தது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம் என்பேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஓவியங்களுக்குப் பெரும்பாலும் முன்பக்கம் மட்டுமே காட்டுகிறார்கள். பின்பக்கத்தில் முத்திரைகள், குறிப்புகள், சில நேரம் ஓவியர் போட்ட கிறுக்கல்கள் எல்லாம் இருக்கும், அதுவும் வேண்டும் இல்லையா? ஆரம்ப ஆண்டுகளில் விற்றவற்றின் படங்கள் சின்னவை, பெரிதாக்கினால் மங்குகின்றன. தேடல் வசதி ஒழுங்கில்லை: இதழின் பெயரைப் போட்டால் 50களின் மூல இதழோடு பிற்கால மறுபதிப்பும், பொம்மையும், திரைப்படச் சுவரொட்டியும் சேர்ந்து வந்து விழும், பிரிவையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்து வடிகட்ட வேண்டும். குறிப்பு எழுதுகிறவர்கள் விற்பவர் பக்கத்து ஆட்கள் என்பதையும் மறக்கக் கூடாது. சுமாரான பக்கத்தையும் புகழ்ந்துதான் எழுதுவார்கள். குறிப்பின் கடைசி வரியை மட்டும் நம்பலாம்: தாள் பழுப்பேறியதா, ஒட்டிய எழுத்து விழுந்துவிட்டதா, ஓரம் கிழிந்ததா, வெள்ளை மைத் திருத்தம் எங்கே என்று அங்கே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு வந்த பக்கம் அந்த வரியில் சொன்னபடியே இருந்தது.

ஒற்றை விற்பனையை வைத்து இதுதான் விலை என்று முடிவு செய்யவும் கூடாது. பிடிவாதக்காரர்கள் இரண்டு பேர் மோதிக்கொண்டால் விலை எங்கேயோ போய்விடும், அதே ஓவியரின் அதே தரப் பக்கம் அடுத்த ஆண்டு பாதிக்குப் போகும். நாலைந்து விற்பனைகளையாவது பாருங்கள்.

இதையெல்லாம் பார்க்கும்போது நம் பக்கத்து நினைப்பு வராமல் இருக்காது. 80களில் சிவகாசியிலிருந்து வந்த திகில் காமிக்ஸுக்கு இன்றும் அலையும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் எந்த இதழ் எந்த நிலையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று பார்க்கப் பொதுவான இடம் ஒன்றும் இல்லை. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொல்லும் விலைதான். உள்ளே இருந்த கதைகள் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்பதால் அவற்றின் ஒரிஜினல் இங்கே இருக்க வாய்ப்பில்லை, ஆனால் பல அட்டைப்படங்களை இங்கேயே ஓவியர்கள் தீட்டினார்கள். அவை எங்கே இருக்கின்றன, யாரிடம் இருக்கின்றன, படமாவது எடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டிய நேரம் இது. இன்னும் தள்ளிப் போட்டால் கேட்க ஆள் இருக்க மாட்டார்கள்.

கணக்கு திறந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. விருப்பப் பட்டியல் என்று ஒரு வசதி உண்டு, அதில் ஓவியரின் பெயரைப் போட்டு வைத்தால் அவருடைய பக்கம் ஏலத்துக்கு வரும்போது மின்னஞ்சல் வந்துவிடும். 'திகில்' என்று பொதுவாகப் போடாதீர்கள், அஞ்சல்பெட்டி நிரம்பி வழியும். இரண்டு மூன்று பெயர் போதும். என் பட்டியலில் டாம் சட்டனும் இங்கல்ஸும் இருக்கிறார்கள். சட்டன் பக்கம் வந்தால் தொகை பதிகிறேன், இங்கல்ஸ் வந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.